இந்த மாதத்தின் சிறந்த வாசகி

எங்கள் கல்லூரி நூலகம் மாதம் ஒரு தாள் வெளியிடுகிறது. முன்பக்கத்தில் என்ன படிக்கலாம் என்ற பரிந்துரைகள். பின்பக்கத்தில், கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் அந்த மாதம் என்னென்ன நடக்கப்போகிறது என்ற விவரம்: கண் பரிசோதனை, ரத்ததான முகாம், பூங்காவைச் சுத்தம் செய்யும் நாள், பழைய சைக்கிள்களைப் பழுதுபார்த்துத் தரும் நாள். அந்தப் பின்பக்கம் என் யோசனை. உதவி நூலகராகப் பதினான்கு வருடம் குப்பை கொட்டியதில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான்.

பின்பக்கம் வருவதற்கு முன்னால் அந்தத் தாளை ஈ காக்கை சீண்டியதில்லை. மின்விசிறி நின்றால் மாணவர்கள் வீசிக்கொள்ள எடுப்பார்கள், அவ்வளவுதான். பின்பக்கம் வந்த பிறகு டீக்கடையில் கேட்டார்கள், மருந்துக்கடையில் கேட்டார்கள், சலூனில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்கள். நாற்பது பிரதி நானூறாயிற்று. முகாம் தேதி பார்க்க எடுப்பவர்கள் போகிற போக்கில் திருப்பி முன்பக்கத்தையும் படிப்பார்கள் என்று நான் போட்ட கணக்கு பலித்தது. பலிக்காமலே போயிருக்கலாம்.

பின்பக்கத்தில் முக்கால்வாசி செய்தி ஒரே மனிதர் தருவது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். தெருவில் அவருக்கு 'ரத்ததான அண்ணன்' என்றே பெயர். மாதம் இருபத்தைந்தாம் தேதி தவறாமல் போன் வரும். "தங்கச்சி, நல்லா இருக்கீங்களா? நம்ம முகாம மறந்துடாம போடுங்க. அம்பது காப்பி தனியா எடுத்து வைங்க." எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். என் வீட்டுக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அதட்டித்தான் கேட்பார். இவ்வளவு தன்மையாகப் பேசுகிற ஆம்பளையும் உலகத்தில் இருக்கிறாரே, கட்டிக்கொண்டவள் கொடுத்துவைத்தவள் என்று எத்தனையோ தடவை பெருமூச்சு விட்டிருக்கிறேன்.

முன்பக்கத்தில் ஒரு பெட்டி உண்டு. அந்த மாதம் யார் அதிகப் புத்தகம் எடுத்தார்களோ அவர்தான் 'இந்த மாதத்தின் சிறந்த வாசகர்'. படம், பெயர், வகுப்பு, கீழே அவர் எடுத்த புத்தகங்களின் பட்டியல். ஒருவர் படித்ததைப் பார்த்து இன்னொருவர் படிப்பதைவிடச் சிறந்த பரிந்துரை கிடையாது என்று தலைமை நூலகர் ஒரு கூட்டத்தில் முழங்கினார். நான்தான் முதலில் தலையாட்டியது.

இந்த மாதம் கணினி காட்டிய பெயர், வேதியியல் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி. பதினொரு புத்தகம். அதில் வேதியியல் மருந்துக்குக்கூட இல்லை. குடும்ப வழக்குகளைப் பற்றி மூன்று, ஜீவனாம்சம் பற்றி ஒன்று, மனு எழுதுவது எப்படி என்று ஒன்று, தையலைத் தொழிலாகச் செய்வது பற்றி இரண்டு, வாடகை வீட்டு ஒப்பந்தம், தனியாக வாழும் பெண்களின் அனுபவங்கள், இப்படிப் போயிற்று. நான் பட்டியலைப் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? பூரித்துப் போனேன். 'சோதனைக்குழாயோடு நின்றுவிடாமல் சட்டத்தையும் தையலையும் ஒரு கை பார்க்கும் இவர், நாளைய வழக்கறிஞர்' என்று என் கைச்சரக்காக ஒரு வரி வேறு சேர்த்தேன்.

படம் எடுக்கக் கூப்பிட்டபோது அவள் வரவில்லை. "வேண்டாம் மேடம், வேற யாரையாவது போடுங்க" என்றாள். எனக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. அடக்கமான பிள்ளைகளைத்தான் ஊரறியச் செய்ய வேண்டும் என்று, உறுப்பினர் அட்டையில் இருந்த படத்தையே எடுத்துப் போட்டேன். அந்த 'வேண்டாம்' என்ற சொல்லை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். எந்த விதமாகச் சொல்லியிருந்தாலும் என் மரமண்டையில் ஏறியிருக்காது.

புதன்கிழமை தாள் அச்சாகி வந்தது. வியாழக்கிழமை காலை, கதவைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் அந்தப் பெண் வந்து நின்றாள். கையில் தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், இத எடுத்துட முடியுமா?"

"எத?"

"இந்தப் பெட்டிய. என் பேர, இந்த லிஸ்ட."

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, அவனவன் இதுல பேர் வராதான்னு ஏங்கறான். உனக்கு நல்லது பண்ணா குத்தமா?" என்றேன். இப்படித்தான் கேட்டேன், ஒரு வார்த்தை மாறாமல்.

"அது நான் படிக்க எடுத்தது இல்ல மேடம். எங்கம்மாவுக்கு."

பிறகு நின்றபடியே சொன்னாள். அழவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். அப்பா வெளியே போகும்போது அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். ஒன்பது வருடமாக. அம்மாவிடம் போன் கிடையாது. பக்கத்து வீட்டில் கேட்டால் அவளுக்கு மனசு சரியில்லை, தானே எங்கேயாவது போய்விடுவாள் என்று சொல்லிவைத்திருக்கிறார். புத்தகங்களை வேதியியல் நோட்டின் அட்டைக்குள் வைத்து இவள் கொண்டுபோவாள். அவர் இல்லாத நேரத்தில் அம்மா படித்துக் குறிப்பெடுப்பாள். இன்னொரு சாவி செய்தாகிவிட்டது. வெளியூரில் தங்க இடமும் தையல் வேலையும் பேசியாகிவிட்டது. வருகிற சனிக்கிழமை பதினொரு மணி பஸ்.

"ஏன் சனிக்கிழமை?" என்று கேட்டேன்.

"மத்த நாள்ல அப்பா எப்ப வேணா திரும்பி வருவாரு. முகாம் அன்னிக்கு மட்டும்தான் ஒம்பதுலேர்ந்து நாலு வரைக்கும் நகர முடியாது. உங்க தாளப் பாத்துத்தான் அம்மா தேதி குறிச்சாங்க."

நான் தாளைத் திருப்பினேன். சனிக்கிழமை, சமூகக் கூடம், ரத்ததான முகாம், காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை. கீழே தொடர்புக்கு ஒரு எண். என் போனில் அந்த எண்ணுக்கு நான் வைத்திருக்கிற பெயர் 'அண்ணன்'.

"நீ கிளாசுக்குப் போ. நான் பாத்துக்கறேன்" என்றேன். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவள் என்னை நம்பியதாகவும் தெரியவில்லை. வேறு போக்கிடம் இல்லாததால் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

எங்கள் நூலக உதவியாளருக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கிறது. மேல்மாடியிலிருந்து ஒரு புத்தகம் கேட்டால், கேட்டவன் பட்டம் வாங்கிப் போன பிறகு கொண்டுவருவார். அவர்தான் தாள்களைக் கடைகடையாகக் கொடுப்பவர். வழக்கமாக அதற்கு ஒரு வாரம் ஆகும். அந்த நம்பிக்கையில்தான், "அண்ணே, தாளெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் நேத்தே குடுத்துட்டேன். மூட்டு வலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னாரு. அப்படியே ஒரு ரவுண்டு போயிட்டேன்."

வாழ்நாளில் முதல் தடவையாக மனிதர் பேருக்கேற்ற வேலை பார்த்திருந்தார். என்ன சொல்லித் திட்டுவது? "அச்சுல தப்பு வந்துடுச்சு, எல்லாத்தையும் திருப்பி எடுக்கணும்" என்று மட்டும் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம்.

டீக்கடையில் தாள் எடுத்த எடுப்பிலேயே கண்ணில் பட்டது. சுவரில், முன்பக்கம் தெரியும்படி ஒட்டியிருந்தார்கள். இத்தனை மாதத்தில் முன்பக்கம் தெரியும்படி யாரும் ஒட்டியதில்லை.

"நம்ம செயலாளர் பொண்ணு மேடம்," என்றார் டீ மாஸ்டர். "படத்தப் பாத்த உடனே தெரிஞ்சிடுச்சு. காலையிலேயே அவருக்குப் போன் போட்டு வாழ்த்து சொல்லிட்டேன். அவருக்கே தெரியல. ஆஸ்பத்திரிக்கு முகாம் விஷயமா போயிருக்காராம். மத்தியானம் வந்து பாக்கறேன்னாரு."

"லிஸ்ட் எல்லாம் படிச்சுக் காட்டினீங்களா?"

"அதெல்லாம் யாரு படிச்சா? பதினொரு புக்குன்னு மட்டும் சொன்னேன். அசந்துட்டாரு."

தாளைக் கிழிக்காமல் உரித்து எடுத்தேன். மருந்துக்கடை, சலூன், தையற்கடை, பஸ் நிறுத்தத்தில் செய்தித்தாள் விற்பவர் என்று ஏறி இறங்கினோம். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். கொடுக்கும்போதே, பெண் கெட்டிக்காரி, அப்பா மாதிரியே வருவாள் என்று ஆளுக்கு ஒரு பாராட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். தாளைப் பையில் போட்டுக்கொள்ள முடிந்தது. பாராட்டை எந்தப் பையில் போடுவது? ஊரே கூடி அந்த ஆளின் கையைக் குலுக்கக் காத்திருந்தது.

திரும்பி வந்து எண்ணிப் பார்த்தோம். முன்னூற்றுப் பன்னிரண்டு. முப்பது சொச்சம் வீடுகளுக்குப் போயிருக்கும், போகட்டும். மீதி ஐம்பது சங்க அலுவலகத்துக்குக் கொடுத்த கட்டு. அலுவலகம் பூட்டியிருந்ததால் ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டு வந்ததாக எக்ஸ்பிரஸ் சொன்னார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. வேலை செய்யாமல் இருந்திருக்கலாம் என்று இன்றுவரை நினைக்கிறேன். கணினியைத் திறந்து பட்டியலை மாற்றினேன். கரிம வேதியியல், சமையலறையில் அறிவியல், இரண்டு நாவல், ஒரு பயணக் கட்டுரை என்று பதினொன்றை அள்ளிப் போட்டேன். அந்த வழக்கறிஞர் வரியை எடுத்துவிட்டு 'தன் பாடத்தில் ஊன்றிப் படிக்கும் மாணவி' என்று மாற்றினேன். ஐம்பது பிரதி எடுத்துக் கட்டினேன். பழைய கட்டை எடுத்துவிட்டு இதை உள்ளே தள்ளிவிட்டால் தீர்ந்தது விஷயம். நேரம் பதினொன்றரை.

சங்க அலுவலகம் ஒரு சந்தில், அடகுக்கடைபோல் ஒற்றை ஷட்டர் போட்ட சின்ன அறை. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. குனிந்து பார்த்தால் கட்டு தெரிந்தது, ஒரு முழத்துக்கு உள்ளே. நாற்பத்தாறு வயதில், நல்ல உடை உடுத்திக்கொண்டு, நடுத்தெருவில் குப்புறப் படுத்து ஷட்டருக்கடியில் குடையை விட்டுத் துழாவினேன். எக்ஸ்பிரஸ் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்டு" என்று வழி சொன்னார். குடையின் வளைந்த பிடி கட்டில் மாட்டியது. இழுத்தேன். நூல் அறுந்து தாள்கள் உள்ளே பரவின. ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். ஆறு எடுத்தேன், ஏழு எடுத்தேன்.

"என்ன தங்கச்சி, ஏதாவது விழுந்துடுச்சா?"

அவர் எனக்கு எழுந்திருக்கக் கை கொடுத்தார். என் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்து, "அய்யோ, உடம்பெல்லாம் புழுதி" என்று தன் கைக்குட்டையை நீட்டினார். அந்த நேரத்திலும் அவர் குரல் கனிவாகத்தான் இருந்தது. கெட்டவன் கெட்டவனாகத் தெரிந்தால் என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்.

"ஒண்ணுமில்லண்ணே. தாள்ல ஒரு சின்ன தப்பு. புதுசு கொண்டாந்திருக்கேன், அத மாத்திடலாம்னு."

"இதுக்குப் போயா தரையில படுத்தீங்க? ஒரு போன் போட்டா நான் தொறந்து விட மாட்டேனா?"

சாவிக்கொத்தை எடுத்தார். அதில் நிறையச் சாவிகள் இருந்தன. ஷட்டரைத் தூக்கி, தரையில் கிடந்த தாள் ஒன்றை எடுத்தார். என் கையிலிருந்த புதுக் கட்டிலிருந்தும் ஒன்றை உருவினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மகளுடைய படத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பட்டியலைப் படித்தார், வாய்விட்டு, நிதானமாக, ஒவ்வொரு தலைப்பாக. ஜீவனாம்சம் என்ற இடத்தில் ஒருகணம் நின்றுவிட்டு மேலே படித்தார்.

"இதுல ஒண்ணு இருக்கு, அதுல வேற இருக்கே. எது சரி தங்கச்சி?"

"புதுசுதாண்ணே. பழசு கம்ப்யூட்டர் கோளாறு. வேற ஒரு பொண்ணு எடுத்தது மாறி வந்துடுச்சு."

"எந்தப் பொண்ணு?"

எந்தப் பெண்ணின் பெயரைச் சொல்வேன்? எக்ஸ்பிரஸ் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் செய்யாமல் சும்மா கிடந்திருந்தால், அவர் பெருமையோடு படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். பட்டியலைப் படித்திருந்தாலும், பிள்ளை என்னத்தையோ படிக்கிறது என்று விட்டிருக்கலாம். இப்போது அவர் கையில் இரண்டு தாள் இருந்தது. ஒன்றை மறைக்க இன்னொன்று செய்தவள் எதிரே நின்றிருந்தேன்.

அவர் இரண்டையும் ஓரம் ஒட்டி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "தப்பு யாருக்கும் வரும் தங்கச்சி. விடுங்க. நான் வீட்ல கேட்டுக்கறேன்" என்றார்.

கல்லூரிக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் ஓட்டம்தான். அவள் வகுப்பில் இல்லை. அப்பா போன் செய்து வரச்சொன்னதாகத் தோழிகள் சொன்னார்கள். அவள் எண்ணுக்கு அடித்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தலைமை நூலகரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடும்ப விஷயம். எழுத்துல புகார் இல்லாம நாம எப்படித் தலையிட முடியும்? அதோட, பட்டியல நீங்க மாத்தினது ரெக்கார்டுல வரக் கூடாது" என்றார். வெள்ளிக்கிழமை பெண்களுக்கான உதவி எண் ஒன்றைத் தேடிக் கூப்பிட்டேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவர் பேச முடியுமா, முகவரி என்ன என்றாள். முகவரி கொடுத்தேன். ஆள் அனுப்பினார்களாம். அண்ணன் வாசலிலேயே நிறுத்தி, தன்மையாகப் பேசி, முகாமுக்கு வரும்படி அழைப்பும் கொடுத்து அனுப்பிவிட்டாராம். போனவர் அவரைப் பற்றி ரொம்ப நல்லவிதமாகச் சொன்னார் என்று அந்தப் பெண் எனக்குத் தெரிவித்தாள்.

சனிக்கிழமை பத்தரைக்குச் சமூகக் கூடத்துக்குப் போனேன். எதற்குப் போனேன்? அவர் அங்கே இருக்கிறாரா என்று பார்க்க. அவர் அங்கே இருந்தால், அந்தப் பூட்டு எப்படியாவது திறந்திருக்கும், பதினொரு மணி பஸ்ஸில் இரண்டு பேர் ஏறியிருப்பார்கள் என்று ஒரு நப்பாசை. அவர் இருந்தார். வாசலிலேயே நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கணம் மூச்சு வந்தது.

"வாங்க தங்கச்சி, வாங்க. நீங்களும் குடுக்க வந்தீங்களா? முதல்ல பேர் பதிஞ்சுக்கலாம்."

பதிவு மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு இருந்த அதே நெற்றி, அதே புருவம். முன்னால் படிவங்களின் அடுக்கு, ஒரு பேனா. நாற்காலியின் முதுகில் அவர் கையை வைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டம்மா. வீட்ல சும்மாதானே இருக்கா, இனிமே எல்லா முகாமுக்கும் கூடவே கூட்டிட்டு வந்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். இவங்கதான் நம்ம லைப்ரரி மேடம். தாள் போடறவங்க."

அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எந்தக் கடையில் வேலை பார்க்கிறவளோ என்பதுபோல் பார்த்துவிட்டு, ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டார்.

"பொண்ணு எங்கண்ணே?" என்று கேட்டேன்.

"வீட்ல படிச்சுட்டிருக்கா. இனிமே வீட்ல இருந்தே படிக்கட்டும்."

அந்த அம்மா கேள்விகளை வாசிக்கத் தொடங்கினார். பெயர் கேட்டார், சொன்னேன். வயது கேட்டார், சொன்னேன். கையெழுத்து குண்டு குண்டாக, அழகாக இருந்தது.

"ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

"இல்ல."

"நேத்து நல்லாத் தூங்கினீங்களா?"

"தூங்கலங்க. ரெண்டு நாளாத் தூங்கல." அந்த அம்மாவின் காதில் மட்டும் விழும்படி, "என்ன மன்னிச்சிடுங்க" என்றேன்.

பேனா ஒரு கட்டத்தின் மேல் நின்றது. "தூங்கலன்னா எடுத்துக்க மாட்டாங்க. தூங்கினதா போட்டுடறேன்," என்று அதே குரலில் சொல்லிக் குறியிட்டார். பக்கத்தைத் திருப்பினார். கடைசிக் கேள்விக்கு வந்தார். அதை வாசிக்கும்போது தலையை நிமிர்த்தவில்லை, ஒரு சொல்லையும் அழுத்திச் சொல்லவில்லை.

"யாரோட வற்புறுத்தலும் இல்லாம, உங்க சொந்த விருப்பத்துலதான் குடுக்கறீங்களா?"

அண்ணனுடைய கை இன்னும் நாற்காலியின் முதுகில் இருந்தது. சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தொட ஐந்து நிமிடம் இருந்தது.

"ஆமா," என்றேன்.

"இங்க ஒரு கையெழுத்து."

போட்டேன். அந்த அம்மா படிவத்தை வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம் பெயர் என்ன என்று கேட்டார்.